றிஸ்மியாவின் கை வழுக்கவில்லை

நான் முதலில் ஓடியது அடிபட்ட பிள்ளையிடம் அல்ல.

கோகிலா முழங்காலில் விழுந்திருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வழிந்து மண்ணில் சொட்டியது. அவளுடைய மட்டை கொஞ்சத் தூரம் உருண்டு போய்க் கிடந்தது. மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது மட்டும் கேட்டது.

பிறகு எல்லோரும் அவளை நோக்கி ஓடினார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினேன். நாற்பது அடி தள்ளி, பந்தை எறிந்த இடத்திலேயே விறைத்து நின்ற றிஸ்மியாவிடம்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. என்னுடைய மாணவி. பந்தை விட்ட கை இன்னும் தோளுக்கு மேலே உயர்ந்தபடி நின்றது. அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன். ஆறுதல் சொல்ல வந்தேன் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"கை வழுக்கிட்டுது. விளங்குதா? ஆர் கேட்டாலும் கை வழுக்கிட்டுது எண்டு மட்டும் சொல்லு."

"டீச்சர், அவக்குப் பட்டுட்டு…"

"சொல்லு பாப்பம்."

"கை வழுக்கிட்டு."

அதற்குப் பிறகுதான் நான் கோகிலாவிடம் போனேன்.

போன கிழமை எழுதிய வரி

போன கிழமை இந்த வாராந்தப் பத்தியில், எங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு சொப்ட்போல் அணி உண்டாக்கிய கதையை எழுதியிருந்தேன். ஊருக்குள் மேயும் மான்களைக் கலைத்துவிட்டு மைதானம் பிடித்தது, கிழிந்த கையுறைகளைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தது எல்லாம் எழுதினேன். அதில் ஒரு வரி இப்படி வரும்: "வேகம் இருந்தும் கட்டுப்பாடு வராத ஒரு பிள்ளையால் எங்கள் கோப்பைக் கனவு ஒரு வருடம் தள்ளிப்போனது."

பெயர் போடவில்லை. வரி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் திருப்தியும் இருந்தது.

இதழ் வெளிவந்த அன்றே தர்ஷினி தொலைபேசியில் வந்தாள். அந்த அணியில் அவள்தான் கெச்சர். எறிகிற பந்தை அடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவள். இன்றைக்கு லிங்கநகரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளின் தாய்.

"டீச்சர், வாசிச்சனான்."

"எப்பிடி இருக்கு?"

"அந்தக் கட்டுப்பாடு வராத பிள்ளை ஆர் டீச்சர்?"

நான் இதழை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

"றிஸ்மியாவைத்தானே எழுதியிருக்கிறீங்கள்? அண்டைக்கு அந்தப் பந்துக்கு முதல் நீங்கள் அவளுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. நான் பக்கத்திலதானே நிண்டனான். இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்ல, அது என்ர பிழை. ஆனா நீங்கள் இப்ப அதை அச்சிலயும் போட்டுட்டீங்கள்."

"தர்ஷினி, அது வந்து…"

"அவளும் வாசிச்சிருப்பாள் டீச்சர்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

கதிரையில் இருந்தபடியே அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொய் என்று தெரிந்துகொண்டு நான் அதை எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

ஆகவே இந்தக் கிழமை எழுத நினைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். இதில் வரும் மூன்று பெண்களிடமும் கேட்டுத்தான் பெயர் போட்டிருக்கிறேன்.

பெயரில் மட்டும் மென்மை

எங்கள் பக்கத்தில் சொப்ட்போல் என்றால் டெனிஸ் பந்தில் விளையாடும் கிரிக்கெட். நான் அணிக்குப் பிள்ளை சேர்க்கப் போன வீடுகளில் எல்லாம் முதல் கேள்வி அதுதான். "பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கிரிக்கெட்டோ, டீச்சர்?"

பையிலிருந்து பந்தை எடுத்துக் காட்டுவேன். மஞ்சள் நிறம், தோடம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிது. கையில் வாங்கியவுடன் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள். "இதிலை எங்கை சொப்ட் இருக்கு?"

இல்லைத்தான். முழங்கையால் தட்டிப் பார்த்தால் மரக்கட்டை போல இருக்கும். அதை நானே சிரித்துக்கொண்டு சொல்வேன். அது எவ்வளவு கடினம் என்று மற்றவர்களை விட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நான் வலைப்பந்துக்காரி. சொப்ட்போல் எனக்கு ஐந்து நாள் பயிற்சி வகுப்பொன்றில் கிடைத்தது. போய் வரும்போது ஒரு சாக்குப் பையில் பத்துக் கையுறைகளும் ஒரு டசின் பந்துகளும் தந்து அனுப்பினார்கள். கையுறைகளில் நான்கு இடதுகைக்காரருக்கானவை. எங்கள் அணியில் ஒரு இடதுகைக்காரியும் இல்லை.

தண்ணீர்ப் போத்தல்

றிஸ்மியாவை நான் கண்டுபிடித்தது பஸ் நிலையத்தில்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பிள்ளை. அவளுடைய வாப்பா மீன் லொறி ஓட்டுபவர். அன்று பாடசாலை விட்டு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, வாரோடு தொங்கிய தண்ணீர்ப் போத்தலைச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து முழு வட்டம். கை விறைக்கவில்லை. போத்தல் மேலே போகும்போது மெதுவாகவும் கீழே வரும்போது வேகமாகவும் வந்தது. தொடையைத் தாண்டும் இடத்தில் மணிக்கட்டு தானாக ஒரு உதறு உதறியது.

சொப்ட்போலில் பந்து எறிவது இப்படித்தான். கை மேலிருந்து வீசக்கூடாது. காற்றாடி மாதிரி முழுதாகச் சுற்றி, இடுப்புக்குக் கீழே, தொடைக்குப் பக்கத்தில் விடவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வட்டத்தைப் பழக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இவள் அதைப் பஸ் நிலையத்தில் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, உன்ர பேரென்ன?"

பயந்து போத்தலைப் பின்னால் ஒளித்தாள். "ஆருக்கும் படல்ல டீச்சர்."

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முதல் வேகம், பிறகு குறி

இளம் பிட்ச்சர்களை, அதாவது பந்து எறிபவர்களைப் பழக்குவதில் இரண்டு கட்சி உண்டு. குறி முதலில் வரட்டும், வேகம் வளர்ந்தபின் வரும் என்பார்கள் ஒரு சாரார். நான் மற்றக் கட்சி. சின்ன வயதில் குறி பார்க்கச் சொன்னால் பிள்ளை கையைத் தடுத்துத் தடுத்து எறியப் பழகிவிடும். பிறகு அந்தத் தடையை எடுக்க ஏலாது. ஆகவே முதல் ஆறு மாதம் நான் றிஸ்மியாவிடம் சொன்னது ஒன்றுதான்.

"எங்க போனாலும் பரவாயில்லை. உள்ள பலம் எல்லாத்தையும் போட்டு எறி."

பந்துகள் எங்கேயெல்லாமோ போயின. வேலிக்கு மேலால் வீதிக்குப் போயின. மேய்ந்துகொண்டிருந்த மான்களுக்கு நடுவில் விழுந்து அவற்றைக் கலைத்தன. ஒன்று கடலுக்கே போனது. நான் திட்டவில்லை. ஒவ்வொரு நாளும் கடைசியில் அவளைச் சுவருக்கு முன்னால் முழங்காலில் இருத்தி, மணிக்கட்டை மட்டும் உதறி ஐம்பது பந்து போடவைப்பேன். கால் வேலை தனியாக. காலும் இடுப்பும் கையும் ஒன்றாகச் சேர்ந்த நாளில் தர்ஷினி கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினாள். சிவந்து வீங்கியிருந்தது.

வேகம் அளக்க என்னிடம் கருவி இல்லை. தர்ஷினியின் உள்ளங்கைதான் கருவி.

அதன்பிறகு குறி. இரண்டு தடி நட்டு, நடுவில் நூல் கட்டி, ஒரு ஜன்னல் அளவு இடத்தை ஐந்து கட்டமாகப் பிரித்தேன். கட்டத்தின் பெயரைச் சொன்னால் அவள் அதற்குள் பந்தைப் போடவேண்டும். முதலில் ஒவ்வொரு நாளும் நூல் அறுந்தது. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. பிறகு நூல் கட்டுவதை நானே மறந்துபோனேன், ஏனென்றால் அது அறுவதே இல்லை.

பந்து விடும் கணம் ஒரு விரற்கடை பிந்தினால் பந்து மேலே ஏறும். முந்தினால் நிலத்தில் குத்தும். அந்த விரற்கடையை அவளுடைய கை தானாக அறிந்திருந்தது. அவளுடைய வாப்பா ஒருநாள் லொறியை மைதானத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்து சொன்னார்:

"டீச்சர், வளவுக்குள்ள மீன் பெட்டிப் பலகையில கரியால வட்டம் போட்டுக் குடுத்தன். அந்த வட்டம் மட்டும் ஓட்டையாப் போச்சு. பலகை அப்பிடியே இரிக்கு."

இவ்வளவையும் ஏன் விரித்து எழுதுகிறேன் என்றால், இந்தப் பிள்ளையைத்தான் நான் கட்டுப்பாடு இல்லாதவள் என்று சொன்னேன்.

திரும்பிய பஸ்

இங்கே என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இதைச் சாக்குப்போக்காக எடுக்கவேண்டாம்.

நான் பாடசாலையில் படித்த காலத்தில் எங்கள் வலைப்பந்து அணி இரண்டு வருடம் பழகி ஒரு போட்டிக்குப் புறப்பட்டது. சீருடையெல்லாம் தைத்தாயிற்று. பாதை மூடியிருக்கிறது என்று பாதி வழியில் இராணுவம் பஸ்ஸைத் திருப்பிவிட்டது. கண்டி வீதி முழுக்க நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தோம். அடுத்த வருடம் நான் பாடசாலையை விட்டுவிட்டேன்.

ஒரு கோப்பையைக் கையில் தொடவேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்தது. ஆசிரியையாகி, வயது நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. அதோடு கல்வி வலயத்துக்கே பயிற்சியாளராக ஒருவரை எடுக்கப் போகிறார்கள் என்ற கதையும் அந்த வருடம் அடிபட்டது. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. மிகவும் வேண்டியிருந்தது.

நாடிக்குப் பக்கத்தில்

கோகிலா தம்பலகாமத்துப் பிள்ளை. எங்களோடு இறுதிப் போட்டிக்கு வந்த அணியின் பெரிய அடிகாரி. உயரம், நல்ல தோள். வயல் வேலை செய்து வளர்ந்த கை. றிஸ்மியாவின் பந்தை ஒருவராலும் தொட முடியாமல் இருந்த நேரத்தில் அவள் மட்டும் இரண்டு முறை அடித்துத் தூரத்துக்கு அனுப்பினாள்.

அவள் எப்படி அடிக்கிறாள் என்று பார்த்தேன். நிற்கவேண்டிய கோட்டின் விளிம்புக்கே வந்து, உடம்பை முன்னால் சரித்து நின்றாள். வெளிப்பக்கம் போகும் பந்துகளை எட்டி அடித்தாள். அவள் மூன்றாவது முறை மட்டையோடு வந்தபோது நாங்கள் ஒரு ஓட்டத்தால் முன்னால் நின்றோம். நான் ஆட்டத்தை நிறுத்தி உள்ளே போனேன். றிஸ்மியாவும் தர்ஷினியும் என்னிடம் வந்தார்கள்.

"அவள் முன்னால ஏறி நிக்கிறாள். ஒருக்கா வெருட்டோணும்," என்றேன்.

"எப்பிடி டீச்சர்?"

"உள்ளுக்குப் போடு. நாடிக்குப் பக்கத்தில. பின்னால பாய்வாள். பிறகு கிட்ட வரமாட்டாள்."

றிஸ்மியா பந்தைக் கையுறைக்குள் உருட்டிக்கொண்டு நின்றாள். "பட்டுட்டா?"

"படாது. அவள் விலகுவாள். நீ நான் சொன்ன இடத்துக்குப் போடு, போதும்."

"வேணாம் டீச்சர். நான் வெளியால கீழ போடுறன். அவுட் ஆக்கேலும்."

அவளால் ஏலும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு மூன்று நல்ல பந்து வேண்டும். நான் ஒரு பந்தில் முடிக்க நினைத்தேன்.

"ஆர் இங்க டீச்சர்? நீயோ நானோ?"

அவள் தலையைக் குனிந்தாள். தர்ஷினி என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் இடத்துக்குப் போய்க் குந்தி, நான் சொன்ன இடத்தில், உள்பக்கம், கோகிலாவின் மோவாய் உயரத்தில் கையுறையைப் பிடித்தாள்.

றிஸ்மியாவின் கை சுழன்றது. கோகிலா வெளிப்பக்கம் வரும் என்று எண்ணி முன்னால் ஒரு அடி வைத்துச் சரிந்தாள். பின்னால் பாயவேண்டியவள் முன்னால் வந்தாள்.

பந்து குறி தவறியிருந்தால் தர்ஷினியின் கையுறை அதைத் தேடிப் போயிருக்கும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையுறை அசையவே இல்லை.

நல்ல டீச்சர்

கோகிலாவின் கன்னத்து எலும்பு உடைந்தது. ஆட்டம் அத்தோடு நின்றது, அந்த வருடம் கோப்பை எவருக்கும் கொடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். இடது கண் தப்பியது, ஆனால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு கல்வி அலுவலகத்தில் விசாரணை. ஒரு நீளமான மேசை, மேலே சத்தம் போட்டுச் சுற்றும் காற்றாடி, ஆறிப்போன தேநீர். றிஸ்மியா வாப்பாவோடு வந்திருந்தாள். அவர் கழற்றிய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

"பந்து ஏன் பிள்ளை மேல போனது?" என்று தலைமையில் இருந்தவர் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை.

றிஸ்மியா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நான் பலதையும் யோசித்தேன். அந்தப் பயிற்சியாளர் இடத்தைக்கூட யோசித்தேன்.

"கை வழுக்கிட்டு சேர்," என்றாள் றிஸ்மியா.

பிறகு என் முறை. நான் எழுந்து நின்று சொன்னேன்:

"பிள்ளையில பிழை சொல்ல வேண்டாம் சேர். வேகம் நல்லா இருக்கு, கட்டுப்பாடு இன்னும் வரேல்ல. அவவை இறக்கினது என்ர பிழை. நான்தான் பொறுப்பு."

கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பெருந்தன்மையாக இருந்திருக்கும்! இருந்தது. ஒருவர் தலையை ஆட்டி, "நல்ல டீச்சர்," என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். றிஸ்மியா இனிப் பாடசாலைப் போட்டிகளில் பந்து எறியக்கூடாது என்று எழுதினார்கள்.

வெளியே வேம்புக்குக் கீழே அவளுடைய வாப்பா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"எங்கட புள்ளைக்காக எழும்பி நிண்டு பேசினீங்க டீச்சர். அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பின்னால் நின்ற றிஸ்மியா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் வேறொரு பிள்ளையை வைத்து நாங்கள் கோப்பை வென்றோம். பயிற்சியாளர் இடமும் எனக்குக் கிடைத்தது. றிஸ்மியா மைதானத்துக்கு வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை. வகுப்பறை வாசலில் எதிர்ப்பட்டால் "குட் மோர்னிங் டீச்சர்" என்பாள். அவளைக் காணாமல் இருக்க நான் மாடிப்படியை மாற்றி ஏறத் தொடங்கினேன்.

தம்பலகாமத்தில்

தர்ஷினியின் அழைப்புக்கு இரண்டு நாள் கழித்து தம்பலகாமத்துக்குப் பஸ் ஏறினேன். முதலில் கோகிலாவிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு கணக்குத்தான்.

கோகிலா வீட்டு முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. வலது கண் என் பக்கம் வரும்படி முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கதிரை எடுத்துத் தந்தாள். தேநீர் ஊற்றப் போனவளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். உன்னை வெருட்டச் சொன்னது நான், அந்த உயரத்துக்கு எறியச் சொன்னது நான், அவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை, பிறகு அவளைப் பொய் சொல்ல வைத்தேன்.

அவள் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு நின்றாள்.

"அவள் இஞ்ச வந்தவள், தெரியுமே உங்களுக்கு?" என்றாள் கடைசியில்.

எனக்குத் தெரியாது.

"நான் ஆஸ்பத்திரியால வந்த கிழமையே தகப்பனோட மீன் லொறியில வந்தவள். அழுதுகொண்டு என்ர கட்டில் காலடியில இருந்தவள். கை வழுக்கிட்டுது அக்கா, கை வழுக்கிட்டுது அக்கா எண்டு. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல."

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை."

"டீச்சர், இவ்வளவு காலமும் அது தற்செயலா வந்த பந்து எண்டு நினைச்சுத்தான் நான் ஆறியிருந்தனான். தலைவிதி, ஆரைக் குற்றம் சொல்றது எண்டு. இப்ப நீங்கள் வந்து, அது என்னைப் பார்த்து எறிஞ்சது எண்டு சொல்றீங்கள். உங்களுக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். எனக்கு?"

அவள் குனிந்து காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டாள்.

"அவளிட்டப் போங்கோ," என்றாள். "பேரைப் போட்டு எழுதுங்கோ. ஆனா என்னட்ட மன்னிப்புக் கேக்காதீங்கோ. எனக்கு இப்ப ஏலாது."

கிண்ணியாவில்

அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் கிண்ணியாவுக்குப் போக முடிந்தது. பாலத்தைக் கடக்கும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பஸ் நிற்கவில்லை.

றிஸ்மியா இப்போது ஒரு சின்னப் பாலர் பாடசாலை நடத்துகிறாள். பிள்ளைகள் போனபின் அவள் வகுப்பறையைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம் போனேன். முகம் கொஞ்சம் பருத்திருந்தது, மற்றப்படி அதே கண்.

"வாங்க டீச்சர்," என்றாள். "வாசிச்சன்."

பிள்ளைகளுக்கான சின்னக் கதிரைகள்தான் இருந்தன. இரண்டு பேரும் முழங்காலை மடக்கி எதிரெதிரே இருந்தோம். நான் மனதில் எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது.

"உன்ர கை வழுக்கேல்ல, றிஸ்மியா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

"நான் பாத்தனான். தர்ஷினியின்ர கையுறை அசையேல்ல. நீ நான் சொன்ன இடத்துக்குத்தான் எறிஞ்சனீ. கோகிலாதான் முன்னால வந்தவள். உனக்குக் கட்டுப்பாடு இருந்தது. என்ர காலத்தில உன்னைப் போல ஒரு கையை நான் காணேல்ல. எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள்.

"நீங்க சொல்லச் சொன்னதாலதான் அப்பிடிச் சொன்னன் எண்டு முதல்ல தெரியும்," என்றாள். "பொறகு, விசாரணையில நீங்க கட்டுப்பாடு இல்ல எண்டு சொன்னீங்களே, அதைக் கேட்டாப் பொறகு எனக்கே குழம்பிட்டு. டீச்சருக்குத் தெரியாததா? உண்மையிலயே வழுக்கியிருக்குமோ எண்டு."

அவள் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"என்ட மூத்த புள்ள பொறந்து நாப்பது நாளும் நான் நிண்டுக்கிட்டு அவனைத் தூக்கல்ல டீச்சர். நான் நிலத்தில இருந்தாப் பொறகு உம்மா கொண்டு வந்து மடியில வைப்பா. பால் குடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவன். ஏன் எண்டு கேட்டா உம்மாட்ட ஒண்டும் சொல்லல்ல. கை வழுக்கிருமெண்டு பயம்."

நான் அழுதேன். அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவள் அழவில்லை. குசினிப் பக்கம் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

"வாப்பா மவுத்தாப் போய் ரெண்டு வருஷம்," என்றாள். "அவருக்கு இது தெரியாமலே போச்சு."

"நான் எழுதப்போறன். எல்லாத்தையும். கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் குடுத்திருக்கிறன்." கடிதத்தை வாங்கிய எழுதுவினைஞர் அந்தப் பழைய கோப்பு இருக்குமோ தெரியாது என்று சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"எழுதுங்க. ஆனா என்னைப் பாவம், ஒண்டும் தெரியாத புள்ள எண்டு எழுதிராதீங்க டீச்சர். நீங்க சொன்னீங்க, சரி. வேணாமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எறிஞ்சது நான். அந்தப் பங்கை நான் கோகிலாட்டப் போய்ச் சொல்லிக்கிறன். அதை நீங்க எடுக்காதீங்க."

பதினாறு வயதில் செய்ததற்கு அவள் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாற்பது வயதைத் தாண்டிச் செய்ததை நான் இவ்வளவு காலம் அவள் தலையில் வைத்திருந்தேன்.

பின்னேரத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. எழுந்தேன். அவளும் எழுந்து, கூட்டுமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வாசல் வரை வந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை யாரும் "போங்கள்" என்று அனுப்புவதில்லை. பகையாளியாக இருந்தாலும் "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள்.

"போங்க டீச்சர்," என்றாள் றிஸ்மியா. "பஸ் வந்துரும்."